டப்ளின் வாத்தியாரும் கடலூர் வாத்தியாரும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் கல்கத்தா போய் வந்த கதையில் பாதி விளங்காது. எதிர்வீட்டில் மாடு கன்று போட்டால்கூட எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இதற்காகவே என் மனைவி என்னை எந்தக் கல்யாணத்துக்கும் கூட்டிப்போவதில்லை.

அப்போது நான் கடலூரில் ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் தங்கை கோமதியைக் கல்கத்தாவில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வைத்திக்கு அங்கே சர்க்கார் கணக்கு ஆபீசில் உத்தியோகம். கோமதிக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் பயணம் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்குள் அவளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது, எனக்கோ கோடை விடுமுறை. ஆகவே நான் புறப்பட்டேன்.

வெறுங்கையோடு அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஓர் ஆட்டுக்கல்லைச் சாக்கில் கட்டி என் தலையில் ஏற்றினாள். "அவளே இங்கே வரப்போறா, கல் எதுக்கு?" என்று கேட்டேன். "திரும்பிப் போனா குழந்தைக்குத் தோசை வேண்டாமா?" என்றாள். கல்கத்தாவில் எல்லாம் கிடைக்குமாம், ஆட்டுக்கல் மட்டும் கிடைக்காதாம்.

பெஜவாடாவில் ஏறிய ஒரு வக்கீல் இங்கிலீஷ் பத்திரிகையை விரித்தார். நான் வழக்கம்போல் அவர் தோளுக்கு மேலாகப் படித்தேன். அயர்லாந்தில் கலகம். டப்ளின் நகரத்தில் பெரிய தபாலாபீசைப் பிடித்துக்கொண்டு, இனி இது குடியரசு என்று சிலர் பறைசாற்றிவிட்டார்கள். அவர்களுக்காக ஜெர்மனியிலிருந்து துப்பாக்கி ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் இரகசியமாக வந்திருக்கிறது. யுத்தத்தில் சேராத ஏதோ ஒரு நாட்டுச் சரக்குக் கப்பலைப்போல் வேஷம் போட்டுக் கரைக்குக் கிட்டே வந்து, இங்கிலீஷ்காரரிடம் அகப்பட்டு மூழ்கிப் போயிற்று.

"ஐயோ பாவம்" என்றார் வக்கீல். யாரை என்று சொல்லவில்லை.

எனக்குப் பாவமாக இல்லை. வயிறு எரிந்தது. அயர்லாந்து எத்தனை பெரிய தேசம்? நம் ராஜதானியில் ஒரு மூலைக்குக் காணாது. அதற்கு ஒரு கப்பல், அதுவும் மாறுவேஷக் கப்பல்! நமக்கு யார் அனுப்புகிறார்கள்? கடலூர்த் துறைமுகத்துக்கு மல்லாக்கொட்டை ஏற்றத்தான் கப்பல் வரும். ஜெர்மன்காரரின் எம்டன்கூடச் சென்னையில் குண்டு போட்டுவிட்டு எங்கள் ஊரைத் தாண்டிப் போயிற்றே தவிர, நின்று ஒரு பார்வை பார்க்கவில்லை.

ஹௌரா ஸ்டேஷனில் இறங்கினால் பிளாட்பாரம் முழுக்கப் போலீஸ். வங்காளி இளைஞர்களை வரிசையாக நிறுத்திப் பெட்டி படுக்கைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் பிள்ளையின் தலையணையைக்கூடக் கிழித்துப் பார்த்தார்கள். பஞ்சு பறந்தது. அவன் சாவதானமாக நின்றுகொண்டிருந்தான். என்ன கம்பீரம்!

என் முறை வந்தது. இரண்டு கூலிகள் முக்கி முனகித் தூக்கி வந்த சாக்கு மூட்டை. உருண்டையாக, என்னவென்று தெரியாத கனத்தோடு, வாய் தைத்து நின்றது. குண்டாகவே இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. சார்ஜெண்ட் மூட்டையைப் பார்த்தான், என் குடுமியைப் பார்த்தான், நெற்றி விபூதியைப் பார்த்தான். "மதராஸியா?" என்றான். "ஆமாம்" என்றேன். "போ" என்றான்.

திறந்து பார்க்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பின்னால் வந்தவர்கள் தள்ளியதால் நகர்ந்துவிட்டேன்.

வெளியே வந்தால் பாலத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். ஹௌராப் பாலம் அந்தக் காலத்தில் மிதவைப் பாலம். கப்பல் போகவேண்டுமென்றால் நடுவில் கழற்றி விலக்கிவிடுவார்கள். மறுபடி சேர்க்கும்போது ஏதோ சங்கிலி சிக்கிக்கொண்டது. நானும் ஆட்டுக்கல்லும் ஒரு குதிரை வண்டியில் வெயிலில் வெந்தோம். வண்டிக்காரன் நுங்கு வாங்கித் தின்றான், எனக்கும் ஒன்று கொடுத்தான். கடலூர் நுங்கைவிட இனிப்பாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

பவானிபூரில் வைத்தியின் வீட்டுக் கூடத்தில் மின்சார விசிறி சுற்றியது. என் ஹெட்மாஸ்டர் வீட்டில்கூடப் பங்காவை இழுக்க ஆள்தான். வைத்தி என்னைவிட எட்டு வயது இளையவர், என்னைவிட மூன்று மடங்கு சம்பளம். "உக்காருங்கோ, காத்தாட இருங்கோ" என்று அவர் உபசாரம் செய்தது எனக்குக் குத்திக்காட்டுவதாகவே பட்டது.

கோமதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல வந்து உட்கார்ந்தாள். முகம் பளபளப்பாக இருந்தது. அவளிடம் ஹௌரா கதையைப் பொருமித் தீர்த்தேன்.

"எல்லாப் பொட்டியையும் கொடைஞ்சான். என்னோடதைத் தொடக்கூட இல்லை. மதராஸின்னா அவனுக்கு அவ்வளவு இளப்பம்!"

"தொறந்தே பாக்கலையா அண்ணா?"

"சாக்கை ஒரு தட்டுத் தட்டக்கூட இல்லைங்கறேன்."

கோமதி தலையைத் தூக்கி விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக வருத்தப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாளே புறப்படலாம் என்றேன். இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றாள். அந்த ரெண்டு நாள் கழிந்ததும் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றாள். பஞ்சாங்கத்தை என்னைவிட அவள் நன்றாகப் புரட்டினாள். எட்டாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா என்னை என்ன பாடு படுத்துவாள் என்பதே என் கவலை.

கோமதிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரே ஒட்டுதல். அவளைப் பௌதி, பௌதி என்று கூப்பிடுவாள். வங்காளத்தில் அண்ணிக்கு அப்படிச் சொல்வார்கள். பௌதி முப்பது வயதுக்காரி, அகலமான சிவப்புக் கரைப் புடவை, கணீரென்ற குரல். நான் வந்த அன்றைக்கே ஒரு மண்சட்டி நிறையத் தயிர் கொண்டுவந்தாள். ஆசையாகச் சாதத்தில் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தேன். வெல்லப் பாயசம் மாதிரித் தித்தித்தது. கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "இது சாதத்துக்கு இல்லைண்ணா, கடைசியிலே தனியா சாப்பிடணும்" என்றாள். தயிரில் சர்க்கரை போடுகிற ஜனங்களுக்குத்தான் தேசபக்தியும் இவ்வளவு பொங்குகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பௌதியின் வீட்டுக்கு எதிரே ஒருவன் நாள் முழுதும் வெற்றிலை பாக்குக் கூடையோடு உட்கார்ந்திருந்தான். அவனிடம் யாரும் வெற்றிலை வாங்கவில்லை. அவன் போலீஸ் ஒற்றன் என்றாள் கோமதி. பௌதியின் கொழுந்தன் புரட்சிக் கூட்டத்தில் சேர்ந்தவன். ஒரு வருஷமாகத் தலைமறைவு. பிடித்தால் அந்தமானாவது தூக்காவது நிச்சயம்.

ஒரு வீட்டுக்கென்றே சர்க்கார் சம்பளத்தில் ஓர் ஆள்! எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் அந்த ஒற்றன் முன்னால் இரண்டு மூன்று முறை முறைப்பாக நடந்து பார்த்தேன். அவன் சலாம் போட்டு, மதராஸில் மழை உண்டா என்று விசாரித்தான்.

பத்திரிகையில் அயர்லாந்துச் செய்தி தினமும் வந்தது. டப்ளின்காரர்கள் சரணடைந்துவிட்டார்கள். தலைவர்களை ஒவ்வொருவராகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் புகையிலைக் கடைக்காரர். எல்லோருக்கும் தலைவராக நின்று அறிக்கையை வாசித்தவர் பள்ளிக்கூட வாத்தியார்.

அதைப் படித்த காலையில் காப்பி எனக்குக் கசந்தது. அவரும் வாத்தியார், நானும் வாத்தியார். அவரிடம் படித்த பையன்களே அவர் பின்னால் துப்பாக்கி தூக்கி வந்தார்களாம். என் வகுப்பில் கடைசி மணி அடித்தால் என் குடையைத் தூக்கிவர ஒருத்தன் கிடையாது. இறந்துபோன மனிதர்மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பட்டேன்.

வைத்தி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க துரை அயர்லாந்துக்காரர். ரெண்டு நாளா பேனாவைத் தொடலை. பைலைக் கொண்டுபோனா, அங்கே வச்சுட்டுப் போன்னுட்டு ஜன்னலையே பாத்துண்டிருக்கார்." அவருக்கு வேறு கவலை, பைல் தேங்கினால் யார் தலையில் விடியும் என்று.

அன்று நான் டிராம் ஏறிக் கல்கத்தாப் பெரிய தபாலாபீசைப் பார்க்கப் போனேன். வெள்ளை மாளிகை, மேலே பெரிய கும்மட்டம், வரிசையாகக் கொழுத்த தூண்கள். எதிர்ச்சாரியில் நின்று, வாத்தியார் ஒருவர் இதை எப்படிப் பிடிப்பார் என்று யோசித்தேன். இந்த வாசலில் நாலு பேர், அந்த மாடியில் நாலு பேர். என்னிடம் ஆளே இல்லை என்பது நினைவுக்கு வரும்வரை திட்டம் நன்றாகத்தான் போயிற்று.

ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட் என்னை நோக்கி வந்தான். பயந்துகொண்டே நிமிர்ந்து நின்றேன். கடைசியில் என்னையும் ஒருவன் சந்தேகித்துவிட்டான்!

"வழி தெரியவில்லையா, பாபு? தபால்தலை விற்பது அந்த வாசலில்" என்றான்.

எரிச்சலில் பயம் போய்விட்டது. "டப்ளினிலும் இவ்வளவு பெரிய தபாலாபீஸா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

அவன் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "நான் அந்தத் தேசத்தான். என் அண்ணன் பிரான்சில் ராஜாவுக்காகச் சண்டை போடுகிறான். என் மாமன் மகன் டப்ளினில் ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்டு ஜெயிலில் கிடக்கிறான். நான் இங்கே நின்று டிராமுக்கு வழி விடுகிறேன்."

அவன் கண்ணில் இருந்தது கோபமும் அல்ல, துக்கமும் அல்ல. அதை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவன். அண்ணன்மேல் பொறாமை, மாமன் மகன்மேலும் பொறாமை. கல்கத்தாவில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவன்தான். கைகொடுத்திருப்பேன், அதற்குள் ஒரு மாட்டுவண்டி தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. அவன் ஓடிப்போனான்.

அதற்கு அடுத்த நாள் கோமதி ஒரு பெரிய அடுக்குப் பாத்திரத்தில் தயிர்சாதமும் கஞ்சியும் ரசமும் எடுத்துக்கொண்டாள். பௌதியின் உறவுக்காரர் ஒருவருக்கு டாக்குரியாவில் காய்ச்சல், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். "பௌதி போகப்படாதா?" என்றேன். "அவ பின்னாலே வெத்திலைக்காரன் வருவான். காய்ச்சக்காரர் பயந்துப்பார்" என்றாள்.

டாக்குரியா அப்போது கிராமம். ரயிலடியை விட்டு இறங்கினால் குளம், மூங்கில், மறுபடியும் குளம். இன்றைக்கு அந்தப் பக்கத்து ஏரிக்கரையில் ஜனங்கள் காற்று வாங்குகிறார்கள். அன்றைக்குக் கொசுதான் ஜனங்களை வாங்கிற்று. ஒரு பழைய தோட்டவீட்டு வாசலில் என்னை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுக் கோமதி உள்ளே போனாள். "தொத்துக் காய்ச்சல், நீ வராதே" என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் தொற்றாத காய்ச்சல் எனக்கு மட்டும் எப்படித் தொற்றும் என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. பிறகு ஓர் ஆண்குரல் வங்காளியில் ஏதோ சொல்ல, கோமதி சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாளே தவிர, என்னோடு சேர்ந்து அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம். யாரோ தெரியாத நோயாளிமேல் எனக்கு ஆத்திரம் வந்தது. திரும்பும்போது ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த வண்டி வரும்வரை நான் தள்ளிப்போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை பௌதி வந்தாள். நான் ஜெர்மன் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தேன். கோமதிதான் இருவருக்கும் நடுவே மொழிபெயர்த்தாள்.

பௌதி சொன்னாள்: "அயர்லாந்துக்காரருக்குக் கப்பல் கரைக்குக் கிட்டேயாவது வந்தது. போன வருஷம் எங்களுக்கும் ஒன்று வருவதாக இருந்தது. பையன்கள் சுந்தரவனத்துச் சேற்றில் விளக்கோடு காத்துக் கிடந்தார்கள். கப்பல் வரவில்லை. காய்ச்சல்தான் வந்தது. தூரத்துச் சிநேகிதனை நம்பினால் அப்படித்தான். பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் சிநேகிதம்."

கடைசி வாக்கியத்தைக் கோமதி மொழிபெயர்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வங்காளி காதில் ஏறியிருந்ததால் புரிந்தது. தயிர்ச் சட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வங்காளிகளுக்கும் ஒரு கப்பல் வருவதாக இருந்தது என்ற செய்தியே எனக்குப் போதுமாக இருந்தது. நமக்கோ, வருவதாகச் சொல்லி வராமல் போன கப்பல்கூடக் கிடையாது.

புறப்படுகிற நாளைத் திடீரென்று கோமதியே குறித்தாள். கூடவே ஒரு செய்தியும் சொன்னாள். காளிகாட்டில் ஒரு நம்மவர் வீட்டில் வேலை பார்த்த பாலக்காட்டுச் சமையல்காரன் ஊருக்குப் போக நிற்கிறானாம், பெயர் சேஷன், பிறவி ஊமை, வழித்துணைக்கு அழைத்துப் போகலாமாம்.

படிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: அவன் சேஷனும் இல்லை, பாலக்காடும் இல்லை, ஊமையும் இல்லை. பௌதியின் கொழுந்தன். ஹௌராவில் மதராஸி மூட்டையைத் தொடவில்லை என்று நான் பொருமிய அன்றைக்குக் கோமதி விசிறியைப் பார்த்து யோசித்தது இதைத்தான். டாக்குரியாவில் அவன் காய்ச்சல் இறங்கத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரிலிருந்து பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி ஒரு வண்டிச் சவாரி தூரம். அங்கே போய்ச் சேர்ந்தால் இங்கிலீஷ் போலீஸ் கைவைக்க முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஸ்டேஷனுக்கு அவன் நேராக வந்து சேர்ந்தான். முன்னந்தலை சிரைத்துக் குடுமி, பட்டை விபூதி, பழைய வேட்டி, புத்தம் புதிய பூணூல். சிவப்பாக, ஒட்டிய கன்னத்தோடு, முப்பது வயதிருக்கும். போலீஸ்காரர்கள் வழக்கம்போல் வங்காளிகளை உதறினார்கள். கர்ப்பிணித் தங்கை, விபூதி பூசிய அண்ணன், சமையல்காரன், ஊறுகாய் ஜாடி. எங்களைப் பார்த்து ஒருவன் கொட்டாவி விட்டான். எனக்கு மறுபடியும் அவமானமாக இருந்தது.

வைத்தி ஜன்னலோரம் நின்று கண் கலங்கினார். வண்டி நகர்ந்ததும் கோமதி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். புருஷனைப் பிரிந்த துக்கம் என்று எண்ணி அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

சமையல்காரனிடம் எனக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒத்துப்போகவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து இலையில் வை என்றால், துவையலை நடுவிலும் சாதத்தை ஓரத்திலும் வைத்தான். எந்தப் பாலக்காட்டானும் இப்படிப் பரிமாறிப் பார்த்ததில்லை. அதைக்கூடப் பொறுத்தேன். காய்ச்சல் மிச்சம் இருந்ததோ என்னவோ, அவனுக்குத் தாகம் அடங்கவே இல்லை. கூஜாவிலிருந்து தம்ளரில் ஊற்றி, அப்படியே உதட்டில் வைத்துச் சப்பிக் குடித்தான். எங்கள் தம்ளரை! ஒரு பிராமணச் சமையல்காரன்!

"டேய்! எச்சில் பண்றியே! தூக்கிக் குடிடா, தடியா!"

அவன் மிரண்டு என்னைப் பார்த்தான். நான் தம்ளரைப் பிடுங்கிக் கழுவி, தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வாயில் ஊற்றிக் காட்டினேன். அவன் முயன்றான். பாதி மூக்கில் போயிற்று, பாதி மார்பில் வழிந்தது. புரையேறிக் கண் பிதுங்கினான்.

"தூக்கிக் குடிடா, தடியா! ஊமைன்னா உனக்குத் தொண்டையும் இல்லையா?"

"பாவம், விடேண்ணா" என்றாள் கோமதி. ஆனால் அவள் என்னைத் தடுத்த மாதிரி இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தண்ணீர் பிடித்து அவன் கையில் கொடுத்ததே அவள்தான். கரக்பூரில் அவன் வேட்டி நனைந்தது. பாலாசூரில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் நனைந்தார். சில்கா ஏரி ஓரமாக வண்டி போகையில், ஜனங்கள் எல்லாம் ஜன்னலில் தொங்கி ஏரியைப் பார்த்தார்கள், நான் அவன் தொண்டையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் எந்தப் பையனையும் இவ்வளவு விரட்டியதில்லை. அயர்லாந்து வாத்தியாருக்கு வாய்த்த மாணாக்கர்களையும் எனக்கு வாய்த்தவனையும் நினைத்து நொந்துகொண்டேன்.

வால்டேரில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். கல்கத்தாவிலிருந்து தந்தி, ஒரு வங்காளி இந்த மெயிலில் தப்பிப் போகிறானாம். ஒவ்வொரு பெட்டியாக ஏறினார்கள். எங்கள் பெட்டிக்கு ஒரு வெள்ளைக்கார ஆபீசரும் ஓர் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நம்மவர், நெற்றியில் சந்தனக் கீற்று, கையில் சொந்தக் கூஜா.

"எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார்.

"கடலூர், மஞ்சக்குப்பம். தங்கையைப் பிரசவத்துக்கு அழைச்சுண்டு போறேன்."

"இவன்?"

"சமையல்காரன். ஊமை."

இன்ஸ்பெக்டர் சேஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆபீசர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: "வங்காளி எந்த வேஷம் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் தம்ளரை உதட்டில் வைக்காமல் அவனால் தண்ணீர் குடிக்க முடியாது. பாருங்கள்."

கூஜாவைச் சாய்த்துத் தம்ளர் விளிம்புவரை ஊற்றி நீட்டினார். "தாகமா இருப்பே. குடிப்பா."

அந்தக் கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. புதுப் பூணூல், ஓரத்தில் வைத்த சாதம், டாக்குரியா இருமல், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன. கோமதியைப் பார்த்தேன். ஒரு கை வயிற்றின்மேல், இன்னொரு கை பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அவன் அகப்பட்டால் அவளுக்கும் ஜெயில்தான். பிள்ளை எங்கே பிறக்கும்? இந்த ஒரு தரம் மட்டும் நான் கத்தவும் முடியாது.

அவன் தம்ளரை வாங்கினான். தம்ளர் உதட்டை நோக்கிப் போயிற்று, போயிற்று. உதட்டுக்குக் கிட்டே நின்றது. அவன் கண்ணைத் திருப்பி என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு தலையை அண்ணாந்தான். தம்ளர் மேலே ஏறியது. ஒரு சாண் உயரத்திலிருந்து தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. தொண்டை ஏறி இறங்க முழுத் தம்ளரையும் குடித்தான். ஒரு சொட்டு மார்பில் விழவில்லை. காலித் தம்ளரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஏமாற்றம். என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன, வாத்தியாரா?"

"ஆமாம்."

"பாத்தாலே தெரியறது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என்மேல் அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

வண்டி வேகம் எடுத்ததும் கோமதியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன், "ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லியிருந்தா நீ அவனைத் திட்டியிருப்பியா? மரியாதையா உக்காத்தி வச்சு விசிறியிருப்பே. உன் மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சிருப்பான்."

அது உண்மை. உண்மையாக இருந்ததாலேயே பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக ஜெர்மன் கப்பலை நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். மாறுவேஷம் போட்ட கப்பல் ஒன்று என் எதிரிலேயே ஊறுகாய் ஜாடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதில் ஏற்றிய கொடி நான்தான். ஊரே பார்த்து, இது சரக்குக் கப்பல்தான் என்று நம்புவதற்காகக் கட்டிய கொடி. என் கூடப் பிறந்தவள்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் அயர்லாந்து எல்லாம் ஒன்றுமே இல்லை.

அதன்பின் கடலூர்வரை அவனை நான் திட்டவில்லை. அவனோ ஒவ்வொரு முறை தண்ணீர் குடிக்கும்போதும் என்னைப் பார்த்துவிட்டுத் தூக்கிக் குடித்தான்.

எட்டாம் மாதத்துக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தோம். ஊமைப் பிள்ளை என்று அம்மா அவனிடம் ஒரே கரிசனம் காட்டினாள். மறுநாள் விடிந்ததும் புதுச்சேரிக்கு மாட்டுவண்டி வந்து நின்றது. அம்மா நீர்மோர் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தான். "என்ன அழகாக் குடிக்கறான்! நல்ல வளர்ப்பு" என்றாள் அம்மா.

அவன் கோமதியிடம் போய், குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அம்மா திகைத்து, தலையை ஆட்டிக்கொண்டே தம்ளரோடு உள்ளே போனாள். அடுத்தது என் முறை என்று நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்தேன். அவன் என் காலைத் தொடவில்லை. எதிரே நேராக நின்றான். தெருவில் யாரும் இல்லை, வண்டிக்காரனும் மாட்டோடு மல்லுக்கு நிற்கிறான் என்று இருபுறமும் பார்த்துக்கொண்டான். கைகூப்பினான். ஹௌராவிலிருந்து பேசாத வாயைத் திறந்து, வங்காளி நாக்கில் புரண்ட தமிழில், ஒவ்வொரு சொல்லாக, பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல் சொன்னான்:

"தூக்கிக் குடிடா, தடியா!"

வண்டி திரும்பி மரங்களுக்குள் மறையும்வரை நான் அங்கேயே நின்றேன்.

"உனக்கு நமஸ்காரம் பண்ணலைன்னு வருத்தமாண்ணா?" என்று கோமதி கேட்டாள்.

என்னிடம் படித்தவர்களில் ஒருவன்கூட நான் நடத்திய பாடத்தை அவ்வளவு பிழையில்லாமல் ஒப்பித்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.